எட்டாம் மாதத்துக் கடைவாய்ப் பல்

செவ்வாய், பின்னிரவு

மகள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். படுத்தால் வலி கூடுகிறதாம், நிமிர்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலையாம். இடது கீழ்க் கடைவாய்ப் பல். சாயங்காலம் பிரிட்ஜ் தண்ணீர் குடித்தபோது சுரீரென்று இழுத்திருக்கிறது. சாப்பிட்ட பின் விட்டு விட்டு வலித்தது, பத்து மணிக்கு மேல் விடாமல் வலிக்கிறது. வளைகாப்பு முடிந்து பேறுகாலத்துக்கு வந்திருக்கிற பெண். எட்டாம் மாதம் நடக்கிறது. கால் வீக்கம், மூச்சு வாங்கல், நெஞ்செரிச்சல் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்த வீட்டில் பல்வலிக்கு மட்டும் யாரும் தயாராக இல்லை.

பல்லுக்கு உள்ளே இருக்கிற கூழில் நரம்பும் ரத்தக் குழாயும் உண்டு. அது புண்ணாகி வீங்கினால் விரிவதற்கு இடமில்லை, சுற்றிலும் கெட்டிச் சுவர். படுக்கும்போது தலைப் பக்கம் ரத்தம் கூடுதலாக வர, அழுத்தம் ஏறி வலி உச்சிக்குப் போகிறது. பத்தாம் வகுப்புக்கு வருஷம் தவறாமல் பல்லின் குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் போட்டுப் பாகம் குறித்தவள் நான். ராத்திரி ஒரு மணிக்கு அந்தப் படத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆச்சிக்கும் தூக்கம் கலைந்துவிட்டது. என் மாமியார், எண்பதைத் தாண்டியவர். "கிராம்பை நசுக்கி வச்சுக் கடிச்சுக்கிடச் சொல்லு" என்றார். கிராம்பில் யூஜினால் என்கிற எண்ணெய் இருக்கிறது, கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், பல் மருத்துவர்களே அதைத் தங்கள் மருந்துக் கலவையில் சேர்ப்பார்கள். ஆனால் எண்ணெயாக எடுத்து ஈறில் தடவினால் புண்ணாக்கிவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன். கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸ். ஒத்தடம் கொடுக்கட்டுமா என்று என் வீட்டுக்காரர் வெந்நீர்ப் பையோடு வந்தார். வேண்டாமென்று திருப்பி அனுப்பினேன். உள்ளே சீழ் கட்டிக்கொண்டிருந்தால் சூடு வீக்கத்தைத்தான் கூட்டும்.

மருந்துப் பெட்டியில் இவருடைய முழங்கால் வலி மாத்திரை இருந்தது. அட்டையைத் திருப்பிப் படித்தால் அசெக்ளோபினாக். திரும்ப உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். காய்ச்சல் வந்தால் போட்டுக்கொள்ள என்று மகப்பேறு டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த பாராசிட்டமால் 500 இருந்தது. அதைக் கொடுத்தேன். மூன்று தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருக்கிறேன். குழந்தை நன்றாக உதைக்கிறது என்கிறாள். அதுவரைக்கும் சரி.

புதன்

காலையில் இவர் மருந்துக்கடைக்குப் போனார். "பல்வலிக்கு மாத்திரை" என்று கேட்டதும் வெள்ளைக் காகித உறையில் ஒரு 'செட்டு' போட்டுக் கொடுத்துவிட்டார்கள். யாருக்கு, என்ன வயது, வேறு என்ன மாத்திரை ஓடுகிறது, ஒரு கேள்வி கிடையாது. பிரித்துப் பார்த்தேன். ஒரு வலி மாத்திரை, அசெக்ளோபினாக் கலந்தது. ஓப்லோக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த ஒரு ஆன்டிபயாட்டிக். ஒரு வயிற்று மாத்திரை. நம் ஊர்களில் பல்வலிக்கான தேசிய உணவு இதுதான். ஆம்பிளைக்கும் இதே, சர்க்கரை நோயாளிக்கும் இதே, பிள்ளைத்தாச்சிக்கும் இதே.

இதை எழுதி வைத்தே ஆக வேண்டும். இபுபுரூபன், டைக்ளோபினாக், அசெக்ளோபினாக் எல்லாம் ஒரே குடும்பம். கர்ப்பத்தின் 20-ஆம் வாரத்துக்குப் பிறகு இந்தக் குடும்பத்து மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லி 2020 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது. குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குடத் தண்ணீர் குறையலாம் என்பது காரணம். 30 வாரத்துக்கு மேல் இன்னொரு ஆபத்தும் உண்டு. வயிற்றுக்குள் இருக்கிற குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை, அதனால் ரத்தம் நுரையீரலைச் சுற்றிப் போக இதயத்துக்கு அருகே ஒரு குறுக்குக் குழாய் இருக்கிறது. பிறந்த பிறகுதான் அது மூட வேண்டும். இந்த மாத்திரைகள் அதைக் கருவிலேயே மூட வைக்கக்கூடும். ரத்த அழுத்தம் எகிறும் ஆபத்துள்ள கர்ப்பிணிகளுக்கு டாக்டரே பார்த்துக் கொடுக்கிற குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு கதை. அதைப் பயந்து நிறுத்திவிடக் கூடாது.

ஓப்லோக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளை வேறு வழியே இல்லாவிட்டால்தான் கர்ப்பிணிக்குக் கொடுப்பார்கள். டெட்ராசைக்ளின், டாக்ஸிசைக்ளின் இரண்டும் பக்கத்தில் வரவே கூடாது. குழந்தையின் பால்பற்கள் நான்காம் மாதத்திலிருந்தே வயிற்றுக்குள் கெட்டிப்படத் தொடங்கிவிடுகின்றன. டெட்ராசைக்ளின் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டு பல்லை மஞ்சளும் பழுப்புமாக ஆக்கிவிடும். அம்மா பல்வலிக்குச் சாப்பிட்டது பிள்ளையின் பல்லில் கறையாக வரும்.

'செட்டை' அப்படியே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். இவர் கூச்சப்பட்டார். நானே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு பல் மருத்துவமனை. வயிற்றைப் பார்த்ததும் வரவேற்பில் இருந்த பெண்ணின் முகமே மாறிவிட்டது. உள்ளே டாக்டர் வாயைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. "எத்தனையாவது மாசம்? எட்டா? டெலிவரி முடியட்டும்மா, அதுக்கப்புறம் பாத்துக்கலாம். இல்லேன்னா உங்க கைனகாலஜிஸ்ட்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க." மகப்பேறு டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டால், எடுத்த நர்ஸ், "பல்லுன்னா பல் டாக்டரைப் பாருங்க" என்றார். இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றபடி என் மகள் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பேறுகாலத்துக்கு இன்னும் ஒன்றரை மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை ஒரு சீழ்ப் பல்லை வைத்துக்கொண்டு, தூங்காமல், சாப்பிடாமல், தினம் பாராசிட்டமாலை விழுங்கிக்கொண்டு இருக்கச் சொல்வதற்குப் பெயர் எச்சரிக்கையாம். சிகிச்சை செய்தால் ஏதாவது ஆகிவிட்டால் தன் தலையில் விழுமே என்ற பயம் இது. செய்யாமல் விட்டு ஏதாவது ஆனால் யார் தலையிலும் விழாது. அவ்வளவுதான் கணக்கு.

புதன், இரவு

கன்னம் வீங்கிவிட்டது. வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றாள். ஆச்சிக்குச் சந்தோஷம். எனக்கு அந்தக் குறைவு பிடிக்கவில்லை. பல்லுக்குள் அடைபட்டிருந்த சீழ் எலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் அழுத்தம் இறங்கும், வலியும் இறங்கும். நோய் இறங்கியதாக அர்த்தமில்லை, பரவத் தொடங்கியிருக்கிறது. தெர்மாமீட்டரில் நூற்றுக்கு மேல்.

எதைப் பார்த்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதை இவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். வாய் இரண்டு விரல் அகலத்துக்குக்கூடத் திறக்காமல் இறுகுவது. எச்சில் விழுங்க முடியாமல் வழிவது. தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் கல்லுப்போல வீக்கம். நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சுக் குழறுவது. மூச்சுத் திணறல். கண் பக்கம் வீக்கம் ஏறுவது. இதில் ஒன்று வந்தாலும் பல் கிளினிக் எல்லாம் இல்லை, 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரி. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் இறங்கி மூச்சுக் குழலை நெரிப்பதை 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதி வைத்தார். இன்றைக்கும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன் பாதிப்பேருக்கு மேல் அதில் செத்தார்கள். காய்ச்சலும் சும்மா விடாது. தாய்க்குக் கடும் காய்ச்சல் என்றால் குழந்தையின் இதயத் துடிப்பும் ஏறும். அசைவு குறைந்தாலோ, வயிறு கல்லாக இறுகி இறுகி விட்டாலோ உடனே பிரசவ ஆஸ்பத்திரிதான்.

ஒன்பது மணிக்கு மகப்பேறு டாக்டரே திரும்பக் கூப்பிட்டார். நர்ஸ் சொல்லியிருக்கிறார் போல. கேட்ட கேள்வி எல்லாம் சுருக்கம்: காய்ச்சல் எவ்வளவு, வாய் திறக்கிறதா, விழுங்க முடிகிறதா, குழந்தை அசைகிறதா, பென்சிலின் ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா. பிறகு அமாக்ஸிசிலின் எழுதி போனில் அனுப்பினார். "இது காலம் காலமா கர்ப்பிணிகளுக்குக் குடுக்கறதும்மா, பயப்படாதீங்க. ஆனா இது மட்டும் போதாது. பல்லைத் திறந்து சீழை எடுக்கணும். பாளையங்கோட்டையில எனக்குத் தெரிஞ்ச டென்டல் சர்ஜன் இருக்காங்க, நானே பேசிடறேன்" என்றார்.

நாளெல்லாம் நாங்கள் அலைந்தது அந்த ஒரு போன் காலுக்காக.

வியாழன்

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு தாண்டிப் பாளையங்கோட்டை. காரில் மாப்பிள்ளை போனிலேயே இருந்தார், பெங்களூரிலிருந்து. "அத்தை, எக்ஸ்ரே மட்டும் எடுக்க விட்டுராதீங்க." அவர் அம்மாவும் பின்னாலிருந்து, "மதினி, எக்ஸ்ரே வேண்டாம், பிள்ளைக்கு ஆகாது" என்றார்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் ரத்த அழுத்தம் பார்த்தார், கர்ப்ப அட்டையை வாங்கி முழுக்கப் படித்தார், சர்க்கரை, இரும்பு, கால்சியம் என்னென்ன ஓடுகிறது என்று கேட்டார். அதற்குள்ளாகவே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

எக்ஸ்ரே பேச்சை நானே எடுத்தேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை. கருவில் இருக்கிற குழந்தைக்கு 50 மில்லிகிரேக்குக் கீழே கதிர்வீச்சுப் பட்டால் ஊனமோ கருச்சிதைவோ கூடுவதாகக் காணவில்லை என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு. ஒரு பல்லுக்கு எடுக்கும் படத்தில் கர்ப்பப்பைக்குப் போய்ச் சேருவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கதிர் பாய்வது கன்னத்தில், வயிறு இருப்பது எங்கேயோ. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2013-இலேயே எழுத்தில் சொல்லிவிட்டது: பல் எக்ஸ்ரே, மரத்துப்போகும் ஊசி, பல் எடுத்தல், வேர் சிகிச்சை எல்லாம் கர்ப்பத்தில் செய்யத்தக்கவை, அவசரம் என்றால் எந்த மாதத்திலும் செய்யலாம், தள்ளிப்போட்டால்தான் சிக்கல் கூடும் என்று. ஈயக் கவசம்கூட வழக்கமாகத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் சொன்னதாம். "இருந்தாலும் நான் போட்டுத்தான் எடுப்பேன், உங்க மனசுக்காக" என்று சிரித்தார். வயிற்றுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் மணவாளக்குறிச்சிப் பக்கம். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. மற்ற ஊர்களைவிட அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு பல் படத்தின் கதிர்வீச்சு சாதாரண ஊரில் ஒரு மனிதர் ஒரு நாளில் மண்ணிலும் வானிலுமிருந்து வாங்கிக்கொள்வதற்குள் அடங்கிவிடும். பிள்ளை பிறந்ததும் தாத்தா வீட்டுக் கடற்கரையில் கொண்டுபோய் விளையாட விடப்போகிறவர்கள் ஒரு படத்துக்குப் பயப்படுகிறார்கள். இதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. மகளிடம் சொன்னேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

படத்தில் வேர் நுனியில் கரும்பொட்டு. கூழ் செத்துவிட்டது. எடுத்துவிடலாம், அல்லது வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம் என்றார். எடுப்பதென்றால் ஒரே நாளில் முடியும், அதுவும் கர்ப்பத்தில் செய்யக்கூடியதுதான். ஆச்சி வரும்போதே சொல்லி அனுப்பியிருந்தார், பல்லைப் பிடுங்கினால் கரு தங்காது என்று. அப்படி ஒன்றும் இல்லை. மகள் பல்லை வைத்துக்கொள்ளவே விரும்பினாள். இன்றைக்குத் திறந்து, சீழை வடித்து, உள்ளே சுத்தம் செய்து தற்காலிகமாக அடைப்பது. வீக்கம் வற்றியதும் வேரை நிரப்புவது. மேல் உறை பேறுகாலம் கழித்து என்று முடிவானது.

மாத்திரை மட்டும் ஏன் போதாது என்று கேட்டேன். செத்த கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மருந்து போவது ரத்தத்தின் வழியாக. வாய்க்கால் அடைபட்ட வயலுக்கு மேட்டில் நின்று உரம் கரைத்த கதைதான். சுற்றிலும் பரவுவதை மருந்து நிறுத்தும், பல்லுக்குள் இருக்கிற கிருமியைத் தொடாது. அதனால்தான் மாத்திரை முடிந்த வாரத்தில் வலி திரும்ப வந்து நிற்கிறது.

நாற்காலியைச் சாய்த்தபோது ஒன்று நடந்தது. சற்று அதிகமாகச் சாய்ந்துவிட்டது போல, மகள் முகம் வெளுத்து, "அம்மா, கண்ணைக் கட்டுது" என்றாள். எனக்கு உயிரே இல்லை. டாக்டரம்மா பதறவில்லை. அவளை இடது பக்கம் ஒருக்களிக்க வைத்தார். ஒரு நிமிஷத்தில் முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது. இந்த மாதத்தில் கர்ப்பப்பையின் கனம், மல்லாந்து படுத்தால், முதுகெலும்பை ஒட்டி இதயத்துக்கு ரத்தம் ஏறும் பெரிய சிரையை அழுத்துகிறது. ரத்தம் திரும்பி வராமல் அழுத்தம் சரிகிறது, குழந்தைக்கும் போகிற ரத்தம் குறைகிறது. வலது இடுப்புக்குக் கீழே ஒரு சிறு தலையணையைத் திணித்து, நாற்காலியைப் பாதிக்கு நிமிர்த்தினார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கர்ப்பிணி எந்தப் பல் நாற்காலியில் ஏறினாலும் அந்தத் தலையணையைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் படுக்கும்போது இடது பக்கம் படு என்று ஆச்சிகள் சொன்னது வீண் போகவில்லை.

ஊசி லிக்னோகெய்ன், அட்ரினலின் கலந்தது. அட்ரினலின் என்றதும் நான் நிமிர்ந்தேன். அது ஊசி போட்ட இடத்து ரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே தங்க வைக்கிறது, அதனால் உடம்புக்குள் போகிற மருந்தின் அளவு குறைகிறது. கொஞ்சமாக, குழாய்க்குள் இறங்காமல் ஊசியைப் பின்னிழுத்துப் பார்த்துப் போட்டால் போதும் என்றார். வலியில் துடிக்கிற உடம்பு தானாகச் சுரக்கிற அட்ரினலின் இதைவிட அதிகம். ஊசி இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கச் சொல்வது யாருக்கும் நல்லதில்லை.

திறந்ததும் சீழ் வந்தது. நாற்றம் எனக்கே அடித்தது. வீட்டுக்குத் திரும்பும்போது கங்கைகொண்டான் தாண்டுமுன்னே மகள் தூங்கிவிட்டாள்.

சனி

காய்ச்சல் இல்லை. வீக்கம் பாதி. இட்லியைப் பாலில் கரைத்துத் தருகிறேன், வலது பக்கம் மெல்லுகிறாள். அமாக்ஸிசிலினை நாள் தவறாமல் முடிக்க வேண்டும். வீக்கம் போனதும் நிறுத்தப் பார்த்தாள், விடவில்லை.

சம்பந்தி வீட்டார் பார்க்க வந்தார்கள். மதினி ஒரு பை நிறைய ஆப்பிளும் ராகி மாவும் கொண்டு வந்திருந்தார். "பிள்ளை கால்சியத்தை எல்லாம் உறிஞ்சிக்கிடுது மதினி, அதான் பல்லு போகுது" என்றார். இந்தப் பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. பல் ஒருமுறை கெட்டிப்பட்டுவிட்டால் அதிலிருந்து கால்சியம் கரைந்து குழந்தைக்குப் போவதில்லை. சாப்பாட்டில் குறைந்தால் எலும்பிலிருந்து போகும். பல் போவது வேறு வழியில்.

அந்த வழி எங்கள் வீட்டுப் பெண்ணிடம் தெளிவாகவே இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்தப் பல்லில் ஓட்டை. நம் ஊரில் கல்யாணப் பெண்ணுக்கு முடி, முகம், நகம், புருவம் எல்லாம் பார்க்கப்படும். கடைவாய்ப் பல்லை யாரும் பார்ப்பதில்லை, போட்டோவில் விழாது. பிறகு மசக்கை. ஐந்தாம் மாதம்வரை வாந்தி. பற்பசை வாடையே ஆகவில்லை என்று காலையில் வெறும் தண்ணீரில் கொப்பளித்திருக்கிறாள். வாந்தி வராமலிருக்க ராத்திரி தலைமாட்டில் பிஸ்கட், ரஸ்க். வயிற்று அமிலம் எனாமலை மெலிதாக்கும், பிஸ்கட் மாவு ஓட்டைக்குள் தங்கும், எச்சில் சுரப்பதும் ராத்திரியில் குறைவு. இதற்கு மேல் என்ன வேண்டும்.

வாந்தி எடுத்ததும் பல் தேய்க்கக் கூடாது. அமிலத்தில் இளகியிருக்கும் எனாமலைத் தேய்த்து எடுப்பதாகத்தான் ஆகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது கழித்துத் தேய்க்கலாம். பற்பசை வாடை ஆகாவிட்டால் வாசனை குறைந்த பசையைக் கொஞ்சமாக, இல்லாவிட்டால் வெறும் பிரஷ்ஷால், வயிறு அடங்கியிருக்கிற வேளையில். காலையில்தான் தேய்க்க வேண்டும் என்று யார் சொன்னது?

மதினியோடு வந்திருந்த அவருடைய தங்கை தன் முதல் பேறுகாலத்தைச் சொன்னார். ஈறில் சிவப்பாகத் திராட்சை அளவுக்கு ஒரு கட்டி, தொட்டால் ரத்தம். புற்றுநோய் என்று நினைத்து வீடே அழுதிருக்கிறது. கர்ப்பத்தில் ஹார்மோன்கள் ஏறும்போது பல்லைச் சுற்றிய அழுக்குக்கு ஈறு மிகையாகச் சண்டை போடுகிறது. அதனால் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. சிலருக்கு இப்படிக் கட்டியாகவே திரளும். புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் குழந்தை பிறந்தபின் தானாகச் சுருங்கும். ரத்தம் நிற்காவிட்டாலோ சாப்பிட முடியாமல் இடித்தாலோதான் அப்போதே எடுப்பார்கள். அவருக்கும் தானாகவே சுருங்கியிருக்கிறது, பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் கட்டியே இல்லையாம். ரத்தம் வருகிறதே என்று அவர் பிரஷ்ஷை விட்டுவிட்டாராம். அதுதான் தப்பு. மென்மையான பிரஷ்ஷால் இன்னும் நன்றாகத் தேய்த்தால்தான் ரத்தம் நிற்கும்.

அடுத்த வியாழன்

மகப்பேறு டாக்டரிடம் மாதப் பரிசோதனை. குழந்தையின் எடை, தண்ணீர் அளவு எல்லாம் சரி. நன்றி சொன்னேன், போனுக்கு. பல் நோயால் குறைமாதப் பிரசவம் ஆகும் என்று மகள் எங்கோ படித்துவிட்டுப் பயந்துகொண்டிருந்ததையும் கேட்டேன்.

டாக்டர் நேராகப் பதில் சொன்னார். ஈறு நோய்க்கும் எடை குறைந்த, குறைமாதக் குழந்தைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1996-இல் ஆபன்பாக்கர் என்பவரும் கூட இருந்தவர்களும் எழுதிய பிறகுதான் உலகமே அதைப் பேசத் தொடங்கியது. அப்படியானால் ஈறைச் சரிசெய்தால் குறைமாதம் குறையுமா என்று அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை வைத்துச் சோதித்தார்கள், முடிவு 2006-இல் வந்தது. குறையவில்லை. ஆனால் கர்ப்பத்தில் ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்கு அதனால் எந்தக் கெடுதலும் வரவில்லை, ஈறு நன்றாகவே தேறியது. "அதனால பல்லைச் சரி பண்ணினா பிரசவம் சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். பல்லைச் சரி பண்றதால பிரசவம் கெட்டுப்போகாதுங்கறதை உறுதியாச் சொல்வேன்" என்றார். இந்த மாதிரிப் பேசும் டாக்டர்கள் அருமை.

சனி

பாளையங்கோட்டை. வேர் நிரப்பியாயிற்று. இந்த முறை தலையணையை மகளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காத்திருக்கும்போது ஆறு மாத வயிற்றோடு இன்னொரு பெண். பின்கட்டில் வழுக்கி விழுந்து முன்பல் ஆடுகிறது. டாக்டரம்மா அவளிடம் பல்லைப் பற்றி முதலில் கேட்கவில்லை. வயிறு அடிபட்டதா, வலிக்கிறதா, ரத்தமோ தண்ணீரோ கசிந்ததா, குழந்தை அசைகிறதா என்றுதான் கேட்டார். விழுந்த அன்றே பிரசவ ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்திருந்தாள். பிறகுதான் பல்லுக்குக் கம்பி கட்டினார். பல் முழுசாக விழுந்தே போயிருந்தால், வேரைத் தொடாமல் மேல்பக்கத்தைப் பிடித்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் திரும்ப நட வாய்ப்பு உண்டு. அதை அவளோடு வந்த மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்களிடம் கடைசியாக ஒன்று சொன்னார். பிள்ளை பிறந்த பிறகு ஸ்பூனில் ருசி பார்த்து அதே ஸ்பூனால் ஊட்டாதீர்கள், சூப்பும் ரப்பரை உங்கள் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுக்காதீர்கள் என்று. பல்லைச் சொத்தையாக்கும் கிருமி பிள்ளைக்குப் பெரும்பாலும் அம்மாவின் எச்சிலிலிருந்துதான் போகிறதாம். பால் கொடுக்கிற காலத்திலும் மரத்துப்போகும் ஊசி போடலாம், அதனால் உறை போடும் வேலையைத் தள்ளிக்கொண்டே போக வேண்டாம் என்றும் சொன்னார். தள்ளிப்போட எத்தனை சாக்கு சொல்வோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஞாயிறு

என் தங்கை மகளுக்கு நாள் தள்ளியிருக்கிறது. தங்கை போனில் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். பல்லைக் காட்டியாச்சா என்று கேட்டேன். அக்காவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் அடைக்க வேண்டியதை அடைத்து, சுத்தம் செய்துவிடச் சொன்னேன். மசக்கையும் தணிந்திருக்கும், வயிறும் கனத்திருக்காது, நாற்காலியில் உட்கார வசதியான காலம் அதுதான். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது, காசும் கேட்க மாட்டார்கள்.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகப் பரிசோதனை நடக்கிறது, 2016-இலிருந்து. எடை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள். அங்கே போகிற பெண்கள், கூடப் போகிற அம்மாக்கள், மாமியார்கள் வாயையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பார்க்கத் தேவையானது ஒரு டார்ச் லைட்டும் ஒரு நிமிஷமும்தான்.